ஆக்ஸிலரேட்டரை அழுத்திய பிறகு வரும் அந்த ஒரு நொடி: டர்போ ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கு

ஐந்நூறு, அறுநூறு குதிரைத்திறன் கொண்ட டர்போ ஸ்போர்ட்ஸ் காரை முதன்முறை ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முதலில் ஒன்றும் நடப்பதில்லை, பிறகு எல்லாம் ஒரேயடியாக நடக்கிறது என்பார்கள். இதற்கு எல்லோரும் வைக்கும் பெயர் டர்போ லேக், அதாவது டர்போவின் தாமதம். ஆனால் அந்த ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு தாமதங்களைச் சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறோம். எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியத் தெரிந்தவர் வாங்கும்போது ஏமாறமாட்டார். கையில் இருக்கும் காரையும் நேற்றைவிட நன்றாக ஓட்டுவார். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

டர்போவில், என்ஜினில் எரிந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் திணிக்கிறது. இந்தக் கூடுதல் காற்றழுத்தம்தான் பூஸ்ட். காற்று அதிகம் போனால் பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம். அதனால் சிறிய என்ஜினிலிருந்து பெரிய என்ஜினின் சக்தி கிடைக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் காப்புரிமைக்குப் பதிந்த யோசனை இது.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. பூஸ்ட் வர வேண்டுமானால் புகை நிறைய வர வேண்டும். புகை நிறைய வர வேண்டுமானால் என்ஜின் ஏற்கெனவே நிறைய எரித்துக்கொண்டிருக்க வேண்டும். சிக்னலுக்காகக் காலை எடுத்த உடனே புகை குறைகிறது, சக்கரம் வேகம் இழக்கிறது. மறுபடி அழுத்தும்போது அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டி ஏற வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தைத்தான் நாம் இருக்கையில் உட்கார்ந்து உணர்கிறோம்.

சின்ன நேரம்தானே என்று விட்டுவிட முடியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் ஓடிவிடுகிறது. லாரியை முந்துவதற்காக எதிர்த் தடத்துக்குள் நுழைந்தவருக்கு அந்த 22 மீட்டர் மிக நீளமானது.

2. நான்கு தாமதங்களையும் தனித்தனியாகப் பாருங்கள்

முதலாவது, பூஸ்ட் தொடங்கும் வாசல். இனி நான் சுற்று என்று சொல்வதெல்லாம் என்ஜினின் ஆர்பிஎம், அதாவது அது நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பது. ஒவ்வொரு டர்போ என்ஜினுக்கும் ஒரு குறைந்தபட்சச் சுற்று உண்டு. அதற்குக் கீழே புகையின் அளவே போதாது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் முழு பூஸ்ட் வராது. ஐந்தாவது கியரில் 1,300 சுற்றில் போய்க்கொண்டே முழுதாக அழுத்திவிட்டு, கார் செத்துக் கிடக்கிறது என்று சொல்கிறவர் டர்போவைக் குறை சொல்லிப் பயனில்லை. கியரைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

இரண்டாவது, உண்மையான லேக். வாசலுக்கு மேலே, அதாவது பூஸ்ட் கிடைக்கக்கூடிய சுற்றில் இருக்கும்போது அழுத்துகிறீர்கள். அப்போதும் சக்கரம் வேகம் பிடிக்கச் சிறிது நேரம் ஆகிறது. சரியாகச் சொன்னால் டர்போ லேக் என்ற பெயருக்கு உரியது இது மட்டும்தான்.

மூன்றாவது, கியர்பெட்டியின் தாமதம். இன்றைய தானியங்கி கியர்பெட்டிகள் எரிபொருளை மிச்சப்படுத்த விரைவாக மேல் கியருக்குப் போய்விடுகின்றன. ஏழாவது கியரில் சோம்பலாகப் போய்க்கொண்டிருக்கும் காரில் திடீரென அழுத்தினால், கணினி முதலில் யோசிக்க வேண்டும், பிறகு மூன்று நான்கு கியர்கள் இறங்க வேண்டும், அதன் பிறகுதான் டர்போவின் முறை வருகிறது. புதியவர்கள் லேக் என்று புகார் செய்வதில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகை என்பது என் உறுதியான எண்ணம்.

நான்காவது, மிதியின் கணக்கு. இப்போது ஆக்ஸிலரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் கம்பி இல்லை, மென்பொருள்தான் இருக்கிறது. சாதாரண ஓட்டுநிலையில் மிதியைப் பாதி அழுத்தினாலும் என்ஜினுக்குக் குறைவாகவே கட்டளை போகும்படி அமைத்திருப்பார்கள். ஸ்போர்ட் நிலைக்கு மாற்றியதும் கார் விழித்துக்கொண்டது போலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுவும் மூன்றாவதும்தான் காரணம். டர்போ அதே டர்போதான்.

3. விவரத்தாளில் எதைப் பார்ப்பது

குதிரைத்திறன் எண்ணை முதலில் கையால் மறைத்துவிடுங்கள். டார்க் என்னும் முறுக்குவிசை எத்தனை நியூட்டன் மீட்டர், அது எந்தச் சுற்றிலிருந்து எந்தச் சுற்று வரை கிடைக்கிறது என்று பாருங்கள். அன்றாட ஓட்டத்தின் சுகம் அந்த வரியில்தான் எழுதியிருக்கிறது.

போர்ஷே 911 டர்போவின் இரண்டு தலைமுறைகளை அருகருகே வைத்தால் இது தெளிவாகும். 930 என்ற உள்பெயர் கொண்ட முதல் டர்போ 1975இல் விற்பனைக்கு வந்தது. 3 லிட்டர் என்ஜின், 260 குதிரைத்திறன், உச்ச டார்க் 343 நியூட்டன் மீட்டர். அந்த உச்சம் கிடைப்பது 4,000 சுற்றில். 2006இல் வந்த 997 தலைமுறை டர்போ 3.6 லிட்டரில் 480 குதிரைத்திறன் தந்தது. அதன் 620 நியூட்டன் மீட்டர் டார்க் 1,950 சுற்றிலேயே வந்து 5,000 வரை அப்படியே நிற்கிறது. முதலாவதில் நகரச் சாலையில் ஓட்டும்போது பெரும்பாலும் டர்போ இல்லாத காரையே ஓட்டுகிறீர்கள். இரண்டாவதில் கடைத்தெருவுக்குப் போகும்போதே முழு டார்க்கும் காலடியில் இருக்கிறது.

930 பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் லேக் எப்படி ஆபத்தாக மாறும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை. அதன் அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கு, 6.5 மட்டுமே. பூஸ்ட் வரும்போது என்ஜினில் தட்டல், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது, வராமல் இருக்க அவ்வளவு தாழ்த்தியிருந்தார்கள். அதனால் பூஸ்ட் இல்லாதபோது என்ஜின் சோர்ந்து கிடக்கும், வரும்போது பாய்ச்சல் மிகப் பெரிதாகத் தெரியும். கியர்களோ நான்குதான். ஒரு கியர் ஏற்றினால் சுற்று வாசலுக்குக் கீழே விழுந்துவிடக்கூடும். இதற்கு மேல் என்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. ஓட்டுநர் வளைவுக்குள் அழுத்துகிறார், ஒன்றும் வரவில்லை, இன்னும் அழுத்துகிறார், வளைவின் நடுவில் சக்தி மொத்தமாக வந்து பின்சக்கரங்களை வழுக்க வைக்கிறது. பயந்து காலை எடுத்தால் எடை முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் மேலும் சுழல்கிறது. அந்தக் காருக்கு விதவையாக்கி என்று பட்டப்பெயர் வந்தது வீணாக அல்ல.

1975க்கும் 2006க்கும் இடையே என்ன மாறியது? அழுத்த விகிதம் 9க்கு ஏறியது. டர்போவின் சக்கரத்தைச் சுற்றி அசையும் இதழ்கள் வந்தன. சுற்று குறைவாக இருக்கும்போது இதழ்கள் நெருங்கிப் புகையை வேகமாகச் சக்கரத்தின் மீது பாய்ச்சுகின்றன, சுற்று ஏறியதும் விரிந்து வழிவிடுகின்றன. டீசல் கார்களில் இது முன்பே பரவலாக இருந்தது. பெட்ரோல் புகையின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸை நெருங்குவதால் அந்த இதழ்களைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் கடினம். அமெரிக்காவில் 1989இல் 500 மட்டுமே தயாரிக்கப்பட்ட ஷெல்பி சிஎஸ்எக்ஸ் பெட்ரோல் காரில் இதை முயன்றிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அது பலருக்குத் தெரியாது.

வேறு தீர்வுகளும் உண்டு, விவரத்தாளில் அவற்றின் பெயர்கள் தென்படும். இரட்டைப் பாதை டர்போ, சிலிண்டர்களின் புகைத் துடிப்புகள் ஒன்றையொன்று கெடுக்காமல் பிரித்து அனுப்புகிறது. வி வடிவ என்ஜினின் மடிப்புக்குள்ளேயே டர்போக்களை வைப்பது, புகை பயணிக்கும் தூரத்தைக் குறைக்கிறது. 2014இல் வந்த மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி அப்படிப்பட்டது. ஒரு டர்போ முதலில் வேலை செய்து, சுற்று ஏறியதும் இரண்டாவது சேர்ந்துகொள்ளும் வரிசை ஏற்பாடு 1986இன் போர்ஷே 959இலும், பின்னர் மாஸ்டா ஆர்எக்ஸ் 7, டொயோட்டா சூப்ரா ஆகியவற்றிலும் இருந்தது. பழைய ஜப்பானியக் கார்களைத் தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது டர்போ சேரும் சுற்றில் ஒரு உதைப்பு வரும். அது ஈரமான வளைவின் நடுவில் வரக் கூடாது.

இப்போதைய விடை மின்மோட்டார். 2022இல் வந்த மெர்சிடிஸ் ஏஎம்ஜி எஸ்எல் 43, 2024இல் வந்த போர்ஷே 911 கரேரா ஜிடிஎஸ் இரண்டிலும் டர்போவின் தண்டிலேயே ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. புகைக்காகக் காத்திராமல் அது சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கிவிடுகிறது.

இவ்வளவு வந்தும் லேக் பூஜ்ஜியம் ஆகிவிட்டது என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். 2015இன் ஃபெராரி 488 ஜிடிபியை அறிமுகப்படுத்தியபோது அதன் மிதி மறுமொழிக்கு ஃபெராரியே சொன்ன கணக்கு 0.8 நொடி. அதே காரில் 760 நியூட்டன் மீட்டர் என்ற உச்ச டார்க் ஏழாவது கியரில்தான் கிடைக்கும். கீழ்க் கியர்களில் வேண்டுமென்றே குறைத்து, சுற்று ஏற ஏற டார்க் ஏறும்படி அமைத்தார்கள். சக்தியைக் குறைத்து ஓட்டுவதற்கு இனிமையாக்குவது பொறியியலில் துணிச்சலான முடிவு. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

4. பூஜ்ஜியத்திலிருந்து நூறு என்ற கணக்கை நம்பாதீர்கள்

அந்த எண்ணை எடுக்கும்போது காரை நிறுத்தி, பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒருசேர அழுத்தி, பூஸ்ட்டை ஏற்கெனவே ஏற்றி வைத்துக்கொண்டு விடுவிக்கிறார்கள். லேக் இருந்த இடமே தெரியாது. நீங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது அப்படிக் கிளம்பப்போவதில்லை.

அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் தன் சோதனைகளில் இன்னொரு கணக்கையும் வெளியிடுகிறது. மணிக்கு 5 மைலில் உருண்டுகொண்டிருக்கும் கார் 60 மைலை எட்டும் நேரம் அது. நின்ற நிலையிலிருந்து 60 மைலை எட்டும் நேரத்தோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு தூரம் அந்தக் காரின் புகழ் ஏற்றிவைத்த பூஸ்ட்டையும் சாலைப் பிடிப்பையும் நம்பியிருக்கிறது. 50இலிருந்து 70 மைலுக்குப் போகும் நேரமும் கொடுத்திருப்பார்கள். முந்திச் செல்லும்போது உங்களுக்கு உதவுவது அதுதான்.

5. சோதனை ஓட்டத்தை நீங்கள் நடத்துங்கள்

விற்பனையாளர் காலியான நேர்ச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் முழுதாக அழுத்தச் சொல்வார். அது கடைசியில் செய்ய வேண்டியது. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே நேரம் போதாது.

என்ஜின் எண்ணெய் சூடாகும் வரை நிதானமாக ஓட்டுங்கள். எண்ணெய் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டாத காரின் மறுமொழியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குளிரூட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். நீங்கள் வாழப்போவது அப்படித்தான்.

பிறகு நெரிசலுக்குள் போங்கள். இரண்டு கிளட்ச்கள் மாறிமாறி வேலை செய்யும் இரட்டை கிளட்ச் கியர்பெட்டி என்றால் நடக்கும் வேகத்தில் நகரும்போது உதறுகிறதா, மேட்டில் பின்னோக்கி நிறுத்தும்போது திணறுகிறதா என்று பாருங்கள். கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கொண்ட கியர்பெட்டி இந்த இடத்தில் மென்மையானது. கிளம்பும் கணத்தில் டார்க்கைப் பெருக்கியும் தருவதால் லேக்கை ஓரளவு மறைத்தும்விடுகிறது. தன் எம்5 காரின் முந்தைய தலைமுறையில் இரட்டை கிளட்ச் வைத்திருந்த பிஎம்டபிள்யூ, 2017இல் அடுத்த தலைமுறைக்கு டார்க் கன்வெர்ட்டர் கொண்ட எட்டு கியர் பெட்டிக்குத் திரும்பியது.

அடுத்தது மிக முக்கியமான சோதனை, பலரும் செய்யாதது. மிதியைக் கால்பங்கு மட்டும் அழுத்தி அப்படியே பிடியுங்கள். கேட்ட அளவு சக்தி வந்து நிற்கிறதா, அல்லது சிறிது நேரம் கழித்து நீங்கள் கேட்டதைவிட அதிகமாகப் பொங்கி, காலைப் பின்வாங்க வைக்கிறதா? அன்றாட ஓட்டம் முழுவதும் இந்தக் கால்பங்கில்தான் நடக்கிறது. முழு அழுத்தத்தில் மறுமொழி அரை நொடி தாமதித்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். கால்பங்கில் பொங்கும் காரோடு வாழ்வது சிரமம். உடன் வருகிறவருக்குத் தலைசுற்றல் வருவதும் இதனால்தான்.

கடைசியாக, தாமதங்களைப் பிரிக்கும் சோதனை. சாலை காலியாக, விதிக்கப்பட்ட வேகத்துக்குள் இடம் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். கியரைக் கைமுறைக்கு மாற்றி, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ பூட்டுங்கள். 1,500 சுற்றில் சீராகப் போய் அழுத்துங்கள், பிறகு 2,500இல் அதையே செய்யுங்கள். முதலாவதில் மந்தம், இரண்டாவதில் உடனடி என்றால் நீங்கள் கண்டது பூஸ்ட் வாசல். இரண்டிலும் மந்தம் என்றால் அது உண்மையான லேக். இரண்டிலும் நன்றாக இருந்து, தானியங்கி நிலையில் மட்டும் மந்தம் என்றால் கியர்பெட்டி. கைமுறையிலேயே இருந்துகொண்டு, ஸ்போர்ட் நிலைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டால் மிதியின் கணக்கு. கடைசி இரண்டுக்கும் பணம் செலவழிக்காமலேயே தீர்வு உண்டு. பல கார்களில் என்ஜின், கியர், சஸ்பென்ஷன் ஆகியவற்றைத் தனித்தனியாக அமைத்துச் சேமித்துவைக்க முடியும். சஸ்பென்ஷனை மென்மையாக விட்டு என்ஜினை மட்டும் ஸ்போர்ட்டில் வைத்தால் பலருக்குப் பிரச்சினையே தீர்ந்துவிடும்.

6. வாங்கிய பிறகு, காலைப் பழக்குங்கள்

சக்தி தேவைப்படும் இடத்துக்கு முன்பே கியரைக் குறையுங்கள். முந்த நினைக்கும்போதே இறங்குங்கள். முந்தத் தொடங்கிய பிறகு இறங்கினால் நான்கு தாமதங்களும் வரிசையாக வந்து சேரும். டர்போ காரில் நல்ல ஓட்டுநர் எப்போதும் ஒரு நொடி முன்னால் யோசிக்கிறார்.

இதை மலைப்பாதை நன்றாகக் கற்றுக்கொடுக்கும். இத்தாலிய ஆல்ப்ஸில் 2,757 மீட்டர் உயரத்துக்கு ஏறும் ஸ்டெல்வியோ கணவாயில், பிராட்டோ பக்கத்திலிருந்து மட்டும் 48 கொண்டைஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கார் ஏறக்குறைய நின்றேவிடுகிறது, சுற்று விழுகிறது, டர்போ ஓய்ந்துவிடுகிறது. உச்சிக்கு அருகில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் கால்பங்கு குறைவு. அதனால் பூஸ்ட் வருவதற்கு முன் என்ஜின் இன்னும் சோர்ந்து தெரியும். அங்கே இரண்டாவது கியரில் திரும்பி, வெளியேறும்போது முழுதாக அழுத்துகிறவருக்கு முதலில் ஒன்றும் கிடைக்காது, பிறகு அடுத்த வளைவுக்குச் சற்று முன்னால் எல்லாம் கிடைக்கும். முதல் கியருக்கு இறங்கி, வளைவின் நடுவைத் தாண்டியதும் சிறிதளவு அழுத்தத் தொடங்கி, ஸ்டீயரிங் நேராக நேராகக் காலையும் கூட்டுவதே சரி. டர்போ விழித்துக்கொள்ளும்போது சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும்.

ஈரச் சாலையில் இதை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கியர் மேலே வைத்து, சுற்றைக் குறைவாக விட்டு, பூஸ்ட் மெதுவாக எழும்படி ஓட்டுவது பாதுகாப்பு. வழுக்குதலைத் தடுக்கும் மின்னணு உதவியை மழையில் ஒருபோதும் அணைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மேல் கியரில் 1,500 சுற்றுக்கும் கீழே முழுதாக அழுத்திக் காத்திருக்கும் பழக்கம் என்ஜினுக்கே கேடு. நேரடியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் டர்போ என்ஜின்களில் அந்த நிலையில், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிஸ்டனே உடையலாம். இதைக் கட்டுப்படுத்தும் சோதனைகளோடுதான் 2020இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ எஸ்பி என்ற எண்ணெய்த் தரம் வந்தது. கையேட்டில் சொன்ன தர எண்ணெயையே ஊற்றுங்கள், அதில் சொன்ன ஆக்டேன் பெட்ரோலையே போடுங்கள். ஆக்டேன் குறைந்தால் தட்டலைத் தவிர்க்கக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும், மறுமொழி மந்தமாகும்.

கடும் வெயிலில் நெரிசலில் ஊர்ந்துவிட்டு வெளியே வந்ததும் கார் சற்றுச் சோர்ந்திருப்பது இயல்பு. அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறிக் கிடக்கிறது. சில கிலோமீட்டர் காற்றோட்டத்தோடு ஓடினால் சரியாகிவிடும்.

7. புதிதாக முளைத்த லேக் ஒரு நோய்

நேற்றுவரை இல்லாத தாமதம் இன்று வந்தால் அது டர்போவின் குணம் அல்ல. காற்றுக் குழாயில் கசிவு, அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு கிழிந்திருப்பது, புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் சரியாக மூடாதது, அசையும் இதழ்களில் கரி படிந்து ஒட்டிக்கொண்டது, காற்று வடிகட்டி அடைத்தது ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். அழுத்தும்போது புஸ் என்ற காற்றொலி புதிதாகக் கேட்டால் முதலில் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். டர்போவையே மாற்ற வேண்டும் என்று எடுத்த எடுப்பில் சொல்லும் பணிமனையில் கசிவுச் சோதனை செய்து காட்டும்படி கேளுங்கள். பல சமயம் மலிவான ரப்பர் குழாய்தான் குற்றவாளி.

வேகமாக ஓட்டிய பிறகு கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வாருங்கள். பல புதிய கார்களில் என்ஜின் நின்ற பிறகும் குளிர்நீரைச் சுற்றவைக்கும் மின்பம்பு இருக்கிறது. பழைய கார்களில் அது இல்லை. டர்போவின் தாங்குருளைகளில் எண்ணெய் வெந்து கரியாகாமல் காப்பது அந்த நிதானமான கடைசி ஓட்டம்தான்.

சக்தியைக் கூட்டித் தருவதாகச் சொல்கிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். பெரிய டர்போ பொருத்தினால் உச்ச எண் ஏறும், ஆனால் பெரிய சக்கரம் கனமானது, பூஸ்ட் வாசலும் மேலே போகும். நகரில் ஓட்டும் கார் முன்பைவிட மந்தமாகிவிடும். யாரிடமாவது இந்த வேலையைக் கொடுப்பதற்கு முன், உச்சக் குதிரைத்திறனைக் கேட்காதீர்கள். 1,500 முதல் 4,000 சுற்று வரையிலான டார்க் வரைபடத்தை, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தது, ஒரே தாளில் வேண்டும் என்று கேளுங்கள். அதைத் தர முடியாதவரிடம் காரை விடாதீர்கள்.